யோஜேயின் ஜேர்சியும் நான் பூசிய சேறும்

உடுப்புத் தோய்க்கிற வேலையில், நன்றாய்த் தோய்த்ததற்காக ஒருவரும் ஆளைத் தேடி வருவதில்லை; கறை நின்றால்தான் வருவார்கள். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையின் காற்பந்து உடுப்பை வாளியில் போட்டுவிட்டு, இந்தச் சேறு போகுமா போகாதா என்று குனிந்து பார்த்துக்கொண்டு நிற்கிற தாய்மாருக்கு நான் சொல்வது விளங்கும். உங்களுக்கு ஒரு பிள்ளையின் உடுப்பு. எனக்குக் கிழமைக்குப் பதினாறு பேரின் உடுப்பு, அதுவும் இருபது வருஷமாய்.

சிட்னிக்கு மேற்கே இருக்கிற ஸ்லோவேனியர்களின் காற்பந்துக் கிளப்பில் எண்பத்தொன்பதாம் ஆண்டு வேலைக்குச் சேர்ந்தேன். ஸ்லோவேனியா எந்தப் பக்கம் இருக்கிறது என்று எனக்கு அப்போது தெரியாது. அவர்களுக்கு யாழ்ப்பாணம் எந்தப் பக்கம் என்று தெரியாது. அவர்கள் பேசியதும் உடைந்த இங்கிலீஷ், நான் பேசியதும் உடைந்த இங்கிலீஷ் என்பதால் ஒருவரை ஒருவர் திருத்தாமல் நிம்மதியாய்ப் பேசினோம். அவர்கள் சொன்னதையெல்லாம் இங்கே என் தமிழில் எழுதுகிறேன். கருத்து மாறவில்லை.

சான்றிதழ் கேட்காத வேலை

அதற்கு முதல் நாலு இடத்தில் வேலை கேட்டுப் போனேன். நாலு இடத்திலும் ஒரு படிவத்தைத் தந்தார்கள். எதுவரை படித்தாய் என்ற கட்டம் வந்ததும் என் பேனை ஓடாது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பேனையை மூடிவைத்துவிட்டு, அடுப்பை அணைத்தேனோ தெரியவில்லை என்று ஒரு சாட்டுச் சொல்லி எழும்பி வந்துவிடுவேன். பாதி வழியில் அது உண்மையாகவே பயமாகிவிடும், வீட்டுக்கு ஓடுவேன்.

கிளப்பில் படிவம் இல்லை. செயலாளர் ஸ்தாங்கோ கட்டட வேலை செய்தவர்; ஒவ்வொரு கையும் தோசைக்கல் அளவு. என்னைத் தோய்க்கிற அறைக்குக் கூட்டிப்போய், சேறு காய்ந்த ஒரு சோடிக் காலுறையைக் கையில் தந்தார். நான் அதை உள்வெளியாய்ப் புரட்டி, மண்ணை வாசலில் உதறிவிட்டு, பிறகு தண்ணீரில் போட்டேன். அவருக்கு அவ்வளவும் போதும். கிழமைக்கு மூன்று நாள் வேலை: உடுப்புத் தோய்ப்பது, மண்டபம் கூட்டுவது, குசினிக்குப் பொறுப்பான மில்காவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பது. என் பெயர் தவமணி என்றேன். அது நீளம் என்று மணி ஆக்கினார்.

மண்டபத்தைச் சுற்றிக் காட்டினார். முதன்முதல் கப்பலில் வந்தவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே கல்லுச் சுமந்து கட்டியது. அலுமாரிக்குள் ஒரு வெள்ளிக் கோப்பை இருந்தது. சுவரில் மீசைக்கார இளைஞர்களின் கறுப்பு வெள்ளைப் படம். நான் ஒவ்வொன்றையும் நின்று பார்க்க, அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "இங்க இருக்கிற ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு கதை இருக்கு, மணி. இண்டைக்கு எனக்குச் சொல்ல நேரமில்லை."

வியாழக்கிழமை

நேரமில்லாததால் வந்த வினை இது. இரண்டாம் கிழமை ஸ்தாங்கோ, ஆட்டங்கள் தொடங்கப்போகின்றன, உடுப்பு மாற்றும் அறையில் இருக்கிற எல்லாவற்றையும் தோய்த்து வை என்று சொல்லிவிட்டுப் போனார். எல்லாவற்றையும் தோய்த்தேன். கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் பழைய பருத்தி ஜேர்சி ஒன்று தொங்கியது. ஒரு பக்கம் தோளிலிருந்து இடுப்பு வரை சேறு அப்பி, ஓடு மாதிரி இறுகியிருந்தது. எந்தச் சோம்பேறி இதை இப்படி விட்டான் என்று எனக்குக் கோபமே வந்தது. காலையில் ஊறப்போட்டேன். மூன்று தண்ணீர் மாற்றினேன். சீமெந்துப் படியில் விரித்து, சவர்க்காரம் போட்டு, தூரிகையால் இழை இழையாய்த் தேய்த்தேன். பின்னேரம் அது கோல் காப்பாளரின் மஞ்சள் ஜேர்சி என்று தெரிந்தது. கழுத்துப் பட்டி வெள்ளை. அயர்ன் போட்டு, வாசலுக்கு நேரே மாட்டினேன். யாராவது ஒருவர் ஒரு நல்ல சொல் சொல்வார் என்று ஆசை.

கோப்பியோடு வந்த மில்கா கோப்பையை நிலத்தில் வைத்துவிட்டுத் தானும் நிலத்தில் இருந்துவிட்டாள். பிறகு சொன்னாள். அது யோஜேயின் ஜேர்சி. இருபது வருஷத்துக்கு முன் கிளப்பின் முதல் இறுதியாட்டம், விடாத மழை, கடைசி நிமிஷத்தில் எதிரணிக்கு ஒரு பெனால்டி. யோஜே இடது பக்கம் பாய்ந்து, சேற்றில் சறுக்கிப் போய்ப் பந்தை மார்போடு பிடித்தார். அலுமாரியில் இருக்கிற கோப்பை அன்றைக்குக் கிடைத்தது. தோய்க்காமல் இந்தச் சேறு வீட்டுக்குள் வரக்கூடாது என்று அவருடைய மனைவி, ஆனா என்பவள், சொல்லிவிட்டாள். தோய்க்க விடமாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். அதனால் ஜேர்சி கிளப்பிலேயே நின்றுவிட்டது. ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்தன்று, விளையாடப் போகிறவர்கள் ஒவ்வொருவராய் அந்தச் சேற்றை ஒரு விரலால் தொட்டுவிட்டுத்தான் மைதானத்தில் கால் வைப்பார்கள். தொடாமல் ஒருவனும் இறங்கியதில்லை.

நான் ஈரக் கையோடு நின்றேன். என்னை அனுப்பிவிடுவார்களா என்று கேட்டேன். அவள் ஜேர்சியைப் பார்த்தபடியே சொன்னாள்: "நீ ஜேர்சியைத் தோய்க்கேல்லை, மணி. கிளப்பைத் தோய்ச்சுப் போட்டாய்."

சேற்றுக்குக் கஞ்சி

படிவம் கேட்காத இன்னொரு வேலை கிடைக்காது என்பது ஒரு பயம். யோஜேயின் முகத்தைப் பார்க்கவேண்டும் என்பது மற்றப் பயம். முந்தின வருஷம்தான் அவருடைய ஆனா இறந்திருந்தாள். அதற்குப் பிறகு அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து அந்த ஜேர்சிக்கு முன்னால் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் சீட்டு விளையாட இருப்பாராம். ஞாயிற்றுக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது.

பழைய சேற்றையே கொண்டுவரலாம் என்று பார்த்தால், இறுதியாட்டம் நடந்த மைதானம் இப்போது கடைத்தொகுதியின் கார் நிறுத்துமிடம். எங்கள் மைதானத்துக் கோல் வாசலிலேயே மில்காவும் நானும் ஒரு வாளி சேறு குழைத்தோம். பூசினோம். வெள்ளிக்கிழமை காலை வந்து பார்க்க, எல்லாம் பொடியாகி நிலத்தில் கிடந்தது. அன்றிரவு வீட்டில் என் கணவருடைய வேட்டிக்குக் கஞ்சி போடும்போது எனக்கு யோசனை வந்தது. சனிக்கிழமை ஒரு போத்தல் சோற்றுக் கஞ்சியோடு கிளப்புக்குப் போனேன்.

ஜேர்சியை எங்களுக்கு நேரே ஆணியில் மாட்டினோம். மில்கா நாலடி தள்ளி நின்று, "இடது பக்கம், தோளில தொடங்கி இடுப்பு மட்டும்" என்று சொல்லச் சொல்ல, நான் கரண்டியால் அள்ளிப் பூசினேன். தலைமயிர் உலர்த்தும் மெஷினைப் பிடித்துக் காய வைத்தோம். ஓடு மாதிரியே இறுகியது. மில்கா விரலை மடக்கித் தட்டிப் பார்த்தாள். "இவ்வளவு காலமாய்க் குசினியில நிக்கிறன். சேத்துக்கும் சமையல் இருக்கெண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை

யோஜே வந்தார். ஐம்பது வயது, கதவு நிலையில் தலை முட்டுகிற உயரம். நான் தோய்க்கிற அறையில் ஒரே துவாயைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு நிமிஷம் நிற்கிற மனிதர் அன்றைக்கு ஐந்து நிமிஷம் நின்றார். தலையை ஒருமுறை சாய்த்துப் பார்த்தார். கிட்டப்போய் மணந்தார். பிறகு தன் தோளைத் தானே மெதுவாய்த் தடவினார்.

நேரே என்னிடம் வந்தார். நீர்தானே புது ஆள் என்று கேட்டார். ஓம் என்றேன். அறையைச் சுற்றிப் பார்த்தார், அடுக்கி வைத்த துவாய்களைப் பார்த்தார். "இந்த இடம் முந்தியைவிடச் சுத்தமாய் இருக்கு."

அந்த ஒரு வசனத்தை நான் எத்தனை வருஷம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொண்டுபோய்ப் பிரித்துப் பார்த்தேன் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வீட்டில் என் கணவர் சொன்னார்: "சுத்தமெண்டு சொன்னால் சுத்தமெண்டுதான் கருத்து. நீர் படுத்து நித்திரை கொள்ளும்."

தொடுகிற நாள்

முதல் ஆட்டத்தன்று ஸ்தாங்கோ ஜேர்சியை ஒரு தடியில் கொழுவி வாசலில் பிடித்தார். பதினாறு பேர் வரிசையில் வந்தார்கள். முதலில் அணித் தலைவன் தொட்டான். என் கஞ்சி போதாமல் போய்விட்டது. ஒரு துண்டுச் சேறு அவனுடைய விரலோடு வந்துவிட்டது. எல்லோரும் அதைப் பார்த்தார்கள். யோஜே மட்டும் மேலே மழை வருமா என்று பார்த்தார்.

அன்றைக்கு மூன்று கோலால் வென்றார்கள். வென்றதுதான் எனக்கு வந்த பெரிய கரைச்சல். சேறு கையோடு வந்தால் நல்ல சகுனம் என்று அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருஷம் தொடவில்லை, நகத்தால் சுரண்டினார்கள். ஆக, சேற்றை எடுப்பதற்குச் சம்பளம் வாங்குகிற நான், ஒவ்வொரு வருஷமும் முதல் ஆட்டத்துக்கு முந்தின கிழமை கதவைப் பூட்டிவிட்டுச் சேறு பூசவேண்டியதாயிற்று. இதொன்றும் அறியாத அணித் தலைவன் எனக்கே வந்து விளக்கம் சொன்னான்: "அது இருபது வருஷத்துச் சேறு, மணி. அதுதான் அவ்வளவு உறுதி."

தோற்றால்தான் தோய்க்கலாம்

காலுறையைப் பற்றிச் சொல்லாவிட்டால் தாய்மார் என்னை மன்னிக்க மாட்டீர்கள். முப்பத்திரண்டு போட்டால் முப்பத்தொன்று வரும், அது உங்கள் வீட்டிலும் நடப்பதுதான். இங்கே ஒரு பின்வரிசை ஆட்டக்காரன் காலுறையைத் தரவே மாட்டான். வென்ற காலுறையாம். தோற்கும்வரை தண்ணீர் படக்கூடாதாம். அந்த வருஷம் பார்த்து அவர்கள் ஏழு கிழமை தோற்கவில்லை. அந்தச் சோடி ஆளில்லாமலே நிற்கத் தொடங்கியது. அவனுடைய உடுப்புப் பெட்டியைத் திறந்தால், பக்கத்துப் பெட்டிக்காரன் சப்பாத்தை வெளியே கொண்டுபோய் மாற்றுவான்.

நான் கோயிலுக்குப் போகிற வெள்ளிக்கிழமைகளில் மேய்ஸ் ஹில் முருகனிடம், இவர்கள் ஒரு ஆட்டம் தோற்கட்டும் என்று கேட்டேன். பிறகு கேட்டது பிழையோ என்று பயந்து, சிறிய தோல்வியாய் இருக்கட்டும் என்று திருத்தினேன். மில்காவிடம் இதைச் சொன்னேன். "எங்கட பாதர் வெற்றிக்குப் பிரார்த்திக்கிறார், நீ தோல்விக்குப் பிரார்த்திக்கிறாய். ஆண்டவர் இந்தக் காலுறையை மணந்து பாத்திட்டு முடிவெடுப்பார்."

மழை மட்டும்

தொண்ணூற்றொன்றாம் ஆண்டு நடுப்பகுதியில் அவர்களுடைய நாடு தனி நாடாய்ப் பிரிந்தது. அந்த நாட்களில் மண்டபத்தில் ஒருவரும் சீட்டு விளையாடவில்லை. வானொலியைச் சுற்றிக் கதிரைகளை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். ஊருக்குத் தொலைபேசி எடுத்தால் கிடைக்காது. எங்கள் வீட்டிலும் அந்தக் காலத்தில் தொலைபேசி அடித்தால் ஒரு பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். அதனால் நான் ஒன்றும் கேட்காமல், தேத்தண்ணி ஆற ஆற வேறு ஊற்றி வைத்தேன்.

எல்லாம் அமைதியான பிறகு அணியின் உடுப்புக்குப் புது நாட்டின் சின்னம் வந்தது: மலையும் அலையும் நட்சத்திரமும். பதினாறு ஜேர்சியிலும் பழையதைப் பிரித்துப் புதியதை நான்தான் தைத்தேன். அப்போது ஸ்தாங்கோ, யோஜேயின் ஜேர்சியிலும் ஒன்றைத் தைத்துவிடு என்றார். ஊசி ஏறினால் சேறு மொத்தமாய்க் கொட்டிவிடும். பக்கத்தில் இருந்த யோஜே, வேண்டாம் என்று கையைக் காட்டினார். "நான் அந்தப் பந்தைப் பிடிக்கேக்க எங்களுக்கு நாடு இருக்கேல்லை, ஸ்தாங்கோ. மழை மட்டும்தான் இருந்தது."

எலி

கஞ்சி போட்டால் என்ன வரும் என்று யோசிக்காமல் போனது என் பிழைதான். ஒரு வருஷம், முதல் ஆட்டத்துக்கு இரண்டு நாள் இருக்க, ஸ்தாங்கோ என்னைக் கூப்பிட்டார். ஜேர்சியின் கீழ்ப்பக்கத்தில் ஒரு சாண் சேற்றைக் காணவில்லை. ஓரத்தில் சிறிய சிறிய பல் அடையாளம். நல்ல காலம், துணியில் அது வாய் வைக்கவில்லை. ஸ்தாங்கோ கண்ணாடியைப் போட்டு நீண்ட நேரம் பார்த்தார். குசினியில் பாலாடைக்கட்டி இருக்கிறது, இறைச்சி இருக்கிறது, எலிக்கு இதில் என்ன வேலை என்று கேட்டார்.

மில்கா தக்காளிப் பெட்டிக்குள் தலையைக் குனிந்துகொண்டாள். அவளுடைய முதுகு குலுங்கியது. நான் கூரையைப் பார்த்தேன். அந்தப் பின்னேரமே எலிப்பொறி வாங்கி வந்தார். உள்ளே எதை வைப்பது என்று யோசித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "நாப்பது வருஷம் வீடு கட்டினன், மணி. சரித்திரம் தின்னுற எலியை இப்பத்தான் காணுறன்."

கஜன்

ஸ்லோவேனியர்களின் பிள்ளைகள் படித்தார்கள், கடற்கரைப் பக்கம் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். இரண்டாயிரத்துக்குப் பிறகு பதினொரு பேர் சேர்ப்பதே பாடாகிவிட்டது. யார் வந்தாலும் சேர்த்தார்கள். வந்தவர்களும் சேற்றைத் தொட்டுவிட்டுத்தான் இறங்கினார்கள். அப்படி வந்தவன்தான் குவேக்கர்ஸ் ஹில்லில் இருக்கிற எங்கள் தமிழ்ப் பிள்ளை கஜன், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவன். முதல் நாள் அவன் ஜேர்சியைத் தொட்டான். விரலில் வந்த பொடியைப் பழக்கத்தில் நெற்றியில் இழுத்துக்கொண்டான். பின்னால் நின்றவர்கள், அதுதான் முறை என்று நினைத்துத் தாங்களும் இழுத்தார்கள். பதினொரு பேரும் திருநீறு பூசின மாதிரி மைதானத்துக்குப் போனார்கள்.

இடைவேளையில் தோடம்பழத் துண்டு எடுக்க வந்தவன் விரலை மணந்து பார்த்தான். என்னைப் பார்த்தான். "அன்ரி, இது அப்பாவின்ர வேட்டி மாதிரி மணக்குது" என்றான். நான் தட்டை அவனுடைய நெஞ்சோடு தள்ளி, பேசாமல் சாப்பிடு தம்பி என்றேன். அவன் ஜேர்சியைப் பார்த்தான், பிறகு என் கையைப் பார்த்தான். கெட்டிக்காரன். காதுக்குக் கிட்ட வந்து சொன்னான்: "டோன்ட் வொறி அன்ரி, சொல்ல மாட்டன். ஆனாலும் எங்கட ஆக்கள் கஞ்சி ஊத்தாத இடமே இல்லைப் போல."

கண்ணாடிப் பெட்டி

ஸ்தாங்கோவுக்கு முழங்கால் ஏலாமல் போனதும் அவருடைய மகள் ஹெலெனா செயலாளரானாள். கெட்டிக்காரி, எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்துகிறவள். பழைய படங்களுக்குப் பெயர் எழுதினாள், கோப்பையை மினுக்கக் கொடுத்தாள். இரண்டாயிரத்தொன்பதில், ஜேர்சியை இனி ஆணியில் விடக்கூடாது, விளக்குப் போட்ட கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கவேண்டும் என்றாள். எனக்குச் சந்தோஷம். உள்ளே வைத்துப் பூட்டினால் இனிச் சுரண்டவும் மாட்டார்கள், நான் பூசவும் தேவையில்லை. அடுத்ததாய் அவள் சொன்னதில்தான் அந்தச் சந்தோஷம் போனது. பழைய துணிகளைப் பாதுகாக்கிற நிபுணர் ஒருவர் வருகிறாராம். அந்தச் சேற்றில் கொஞ்சம் எடுத்துச் சோதித்துப் பார்ப்பாராம், எந்த மைதானத்து மண் என்றுகூடச் சொல்லிவிடுவாராம்.

எந்த அரிசி என்றும் சொல்லிவிடுவாரே. மில்கா அப்போது மெல்பேர்னில், மல்கிரேவில் மகளோடு இருந்தாள். தொலைபேசி எடுத்தேன். நான் சாப்பிடவில்லை, நித்திரை இல்லை, யோஜேக்கு எழுபது வயது, இதைக் கேட்டு நெஞ்சு நின்றுபோனால் என்ன செய்வது என்று ஒரே மூச்சில் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "நிபுணர் சொல்ல முதல் நீ போய்ச் சொல்லு. என்ர பேரையும் சொல்லு, எனக்கு எண்பது வயது, என்னை ஒருத்தரும் வேலையால நிப்பாட்ட ஏலாது."

யோஜேயின் வீட்டில்

யோஜேயின் வீட்டு முற்றத்தில் திராட்சைக் கொடிக்குக் கீழே இரண்டு கதிரை இருந்தது. நான் நுனியில் இருந்தேன். வழி முழுக்கப் பாடமாக்கிக்கொண்டு போன இங்கிலீஷ் எல்லாம் மறந்துவிட்டது. அந்தச் சேறு உங்களுடைய சேறில்லை என்று தொடங்கினேன். முதல் வியாழக்கிழமை, தூரிகை, கோல் வாசல், கஞ்சி, எலி எல்லாம் சொன்னேன். முடித்ததும் அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: மொத்தம் எத்தனை தரம் பூசினீர்? இருபத்திரண்டு என்றேன். எலி வந்த வருஷம் இரண்டு தரம்.

"என்ர ஆனா இருபது வருஷம் என்னோட சண்டை பிடிச்சவள், அதைத் தோய் தோய் எண்டு. அவள் போய் ஒரு வருஷத்தில, ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நிக்கிறன், சேத்துக்குள்ளால சவர்க்காரம் மணக்குது. சரி, வெண்டிட்டாள் எண்டு நினைச்சன்" என்றார்.

அப்போ அன்றைக்கே தெரியுமா என்று கேட்டேன். மணத்தால் மட்டுமா என்று சிரித்தார். எழும்பி நின்று, எழுபது வயது உடம்பை மெல்லச் சாய்த்து, இரண்டு கையையும் நீட்டிப் பாய்கிற மாதிரிக் காட்டினார். இடது பக்கம். ஜேர்சியைப் போட்டவருடைய இடது பக்கம். நானும் மில்காவும் ஜேர்சிக்கு எதிரே நின்றல்லவா பூசினோம். எங்களுக்கு இடது என்றால் அவருக்கு வலது. இருபது வருஷமாய் அவ்வளவு பேரும் சுத்தமான பக்கத்தை விட்டுவிட்டு, யோஜே பாயாத பக்கத்தைத் தொட்டுக் கும்பிட்டிருக்கிறார்கள். அவர் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

ஏன் ஒரு சொல்லும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொல்லியிருந்தால் உம்மை அனுப்பியிருப்பார்கள், இவ்வளவு கவனமாய்ச் சேறு பூச வேறு யார் இருக்கிறார்கள் என்றார். உள்ளே போய் ஹெலெனாவுக்குத் தொலைபேசி எடுத்தார். ஜேர்சி தன்னுடையது, அதில் எந்த நிபுணரும் கை வைக்கக்கூடாது, பெட்டிக்குள் போகும்வரை அது மணியின் பொறுப்பு என்று சொல்லி வைத்தார். திரும்பி வந்து, நான் தொடாமல் வைத்திருந்த தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். "என்ர ஆனா ஆசைப்பட்ட மாதிரி ஒருக்கா வடிவாய்த் தோயும், மணி. பிறகு, இந்த முறை, இடது பக்கம் பூசும்."

அவர் சொன்னபடியே செய்தேன்; ஜேர்சி பெட்டிக்குள் ஏறிய நாளில் மண்டபம் முழுக்கக் கைதட்டியது. இருபது வருஷம் பதினாறு பேரின் அழுக்கை எடுத்துக் கொடுத்ததற்கு என்னை ஒருவரும் தேடி வந்ததில்லை. ஒரு ஜேர்சியில் சரியான பக்கம் அழுக்கைப் பூசிக் கொடுத்ததற்குத்தான் கண்ணாடிப் பெட்டி, விளக்கு, கைதட்டல் எல்லாம்.